மூன்றாவது மாதிரி

கோண்டாவிலில், தண்டவாளத்துக்குப் பின்பக்கம்,
தகரக் கூரைக்குக் கீழே எங்கள் ஆய்வுகூடம்.
ரயில் போகிற நேரம் அளவு எடுப்பதில்லை.
முள் நடுங்கும்,
சுவரில் தொங்கும் கலண்டரும் நடுங்கும்.

ஒப்பந்தகாரர் பிலேந்திரன்
மூன்று துண்டுக் கம்பியை உரச்சாக்கில் சுற்றி
ஆட்டோவில் கொண்டுவந்தார்.
பன்னிரண்டு மில்லிமீற்றர். மானிப்பாயில் மாடி வீடு,
கனடாக் காசு, தைக்கு முன்னம் கொங்கிறீற் போடவேணும்.
"பாஸ் எண்டு எழுதினால் சரி பிள்ளை."
"அது கம்பியைக் கேட்டுத்தான்" என்றேன்.

வெள்ளை மையால் இரண்டு கோடு,
நடுவில் அறுபது மில்லிமீற்றர்.
மேல்தாடை கவ்வும், கீழ்த்தாடை கவ்வும்,
எண்ணெய் அழுத்தம் மெல்ல ஏறும்.

முதலில் எதுவுமே நடக்காத மாதிரித்தான்.
கம்பி மயிரிழை நீளும்; விட்டால்
பழைய இடத்துக்கே வந்து நிற்கும்,
யாரோ கூப்பிட்ட குரலுக்குத் தலை திருப்பி,
தன்னை அல்ல என்று கண்டு
மறுபடி வேலையில் குனிந்தவன் போல.
வரைதாளில் அடிமட்டம் வைத்துக் கீறிய கோடு.
அதுவரைக்கும் எல்லாம் கணக்கு.

ஐம்பத்தாறு கிலோநியூட்டனில் முள் தயங்கும்.
சுமை ஏறாது; கம்பி மட்டும் நீளும்.
இளகற் புள்ளி.
உள்ளே அடுக்கடுக்காய் இருந்த பளிங்குத் தளங்கள்
ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி
வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.
இனிச் சுமையை இறக்கினாலும் திரும்பாது.
வெளியே பார்த்தால் அதே கம்பி,
தோலில் இருந்த கருஞ்செதில் மட்டும் உதிர்ந்து
பொடியாய் மேசையில் கிடக்கும்.

பிறகு எங்கோ ஓரிடம் இளைக்கும். கழுத்து என்கிறோம்.
எந்த இடம் என்று முன்கூட்டிச் சொல்ல
பதினொரு வருடமாகியும் எனக்குத் தெரியாது.

(இழுக்காமலும் நடக்கும்.
கோப்புகள் வைத்த எங்கள் இறாக்கை
வருடத்துக்கு வருடம் நடுவில் தொய்கிறது.
மேலே ஒரு தாள்கூட நாங்கள் கூட்டவில்லை.
அதற்கு ஊர்வு என்று பேர்.)

விகாரம் என்ற சொல்லை உயர்தர வகுப்பில்
முதன்முதல் கேட்டபோது சிரித்தோம்,
இரும்புக்கு என்ன விகாரம் என்று.
கூடிய நீளத்தைப் பழைய நீளத்தால் பிரித்தால் வருவது.
நீளத்தை நீளம் வெட்டிவிடும்.
விகாரத்துக்கு அலகு கிடையாது.

முதல் இரண்டுக்கும் அவர் வெளியே, கைபேசியில்,
மணல் லொறிக்காரனோடு சண்டை.
மூன்றாவதைப் பார்க்க உள்ளே வந்தார்.
கம்பி முறிகிறபோது சத்தம் வரும்.
எங்களுக்குப் பழக்கம்.
சொல்ல மறந்துபோனேன்.

திரும்பினால் பிலேந்திரன் இல்லை.
மேசைக்குக் கீழே, குப்புற,
இரண்டு கையும் தலைக்கு மேல்,
வாய் சற்றே திறந்தபடி.
வாயைத் திறந்து வைத்தால் செவிப்பறை தப்பும்.
எனக்கும் அது தெரியும்.

"பேனை விழுந்திட்டுது" என்றார்.
பேனை அவருடைய சேட்டுப் பொக்கற்றில் இருந்தது.
நானும் குனிந்தேன்.
சீமெந்துத் தரையில், செதிற்பொடிக்குள்,
இருவருமாய்க் கொஞ்ச நேரம் தேடினோம்.

நீட்சி அளக்க ஒரு முறை இருக்கிறது.
முறிந்த இரண்டையும் முகத்தோடு முகம் பொருத்தி,
இடைவெளி தெரியாமல் இறுக்கிப் பிடித்து,
இந்த வெள்ளைக் கோட்டிலிருந்து
அந்த வெள்ளைக் கோடு வரைக்கும்.
ஒரு துண்டை அவர் பிடித்தார்.
முறிந்த இடம் இன்னும் சுட்டது.

எழுபத்தொன்று.
"அப்ப பாஸோ?"
"பாஸ்."

ரயில் வந்தது.
அது போகும்வரைக்கும்
நான் எழுதவில்லை,
அவர் கையை எடுக்கவில்லை.